நாட்டுப் புனிதரின் திருநாளும் நாட்டுப்பற்றும்: ஓர் எளிய விளக்கம்

கத்தோலிக்கர் வாழும் தமிழ் ஊர்களில் ஒவ்வொரு பங்குக் கோவிலுக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. அந்தோணியாரோ சவேரியாரோ சந்தியாகப்பரோ, யார் பெயரில் கோவில் எழுந்ததோ அவருடைய திருநாளே அந்த ஊரின் திருவிழா. கொடியேற்றம், நவநாள், இரவுத் தேர்ப்பவனி என்று அது நடக்கும் நாட்களில் வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்புவார்கள். பிற சமயத்தாரும் வந்து மாலை சாத்துவார்கள். வழிபாடாகத் தொடங்கிய ஒரு நாள், 'இது எங்கள் ஊர்' என்று சொல்லிக்கொள்ளும் நாளாகவும் வளர்ந்துவிடுகிறது. இந்த வழக்கத்தை ஒரு நாட்டின் அளவுக்கு விரித்துப் பார்த்தால் 'நாட்டுப் பாதுகாவலர்' என்ற கருத்து விளங்கும். இடைக்கால ஐரோப்பாவில் தொழிற்குழுக்களும் நகரங்களும் அரச குலங்களும் தங்களுக்கென ஒரு புனிதரைத் தேர்ந்துகொண்டன. காலப்போக்கில் நாடுகளும் அவ்வாறே செய்தன. வழிபாடு குறைந்த பின்னும் அந்த நாட்கள் பல இடங்களில் மறையவில்லை. அவற்றின் பொருள்தான் சமயத்திலிருந்து நாட்டை நோக்கி நகர்ந்தது.

இந்த நகர்வைப் புரிந்துகொள்ள ஐக்கிய இராச்சியத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரே அரசின் கீழ் இருக்கும் அதன் நான்கு பகுதிகளுக்கும் தனித்தனிப் பாதுகாவலர்கள் இருக்கிறார்கள். வேல்ஸுக்குப் புனித டேவிட். அவருடைய நாள் மார்ச் 1. வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக் குடியரசுக்கும் புனித பேட்ரிக், மார்ச் 17. இங்கிலாந்துக்குப் புனித ஜார்ஜ், ஏப்ரல் 23. ஸ்காட்லாந்துக்குப் புனித ஆண்ட்ரூ, அதாவது இயேசுவின் சீடரான அந்திரேயா, நவம்பர் 30. நான்கும் ஒரே வகையைச் சேர்ந்த நாட்கள்தாம். ஆனால் பேட்ரிக்கின் நாளில் டப்ளினிலும் நியூயார்க்கிலும் தெருக்கள் மக்களால் நிரம்புகின்றன. டேவிட்டின் நாளில் வேல்ஸின் பிள்ளைகள் மரபுடை அணிந்து பள்ளிக்குப் போகிறார்கள். ஏப்ரல் 23 இங்கிலாந்தில் பெரும்பாலும் மற்றொரு வேலைநாளாகவே கழிகிறது. அதைக் கொண்டாடுவது சரிதானா என்ற கேள்வியே அங்கே விவாதப் பொருளாகிறது. நான்கு நாடுகளிலும் பெரியதும் மக்கள்தொகை மிக்கதுமான நாட்டுக்குத்தான் தன் திருநாளைப் பற்றி இவ்வளவு தயக்கம். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், நாட்டுப்பற்று என்ற சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட உணர்வுகள் அடங்கியிருக்கின்றன என்பதும் தெரியவரும்.

முதலில் ஜார்ஜ் யார் என்று பார்ப்போம். மரபுச் செய்தியின்படி அவர் இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து உரோமைப் படையில் பணியாற்றியவர். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர் தியோக்ளேசியனின் காலத்தில், 303ஆம் ஆண்டளவில், நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் கொல்லப்பட்டவர். அவருடைய கல்லறை இருப்பதாகக் கருதப்படும் லித்தா, இன்றைய இஸ்ரேலில் லோத் என்று வழங்கும் நகரம். குதிரைமீதிருந்து ஈட்டியால் பறவைநாகத்தைக் குத்தும் கதை அவருடைய வரலாற்றில் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே சேர்ந்தது. ஜார்ஜ் இங்கிலாந்தில் கால் வைத்ததாக நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. ஜார்ஜியா, எத்தியோப்பியா, பல்கேரியா, ஸ்பெயினின் ஒரு பகுதியான கத்தலோனியா ஆகிய நாடுகளும் பகுதிகளும் அவரைத் தங்களவராகப் போற்றுகின்றன. கேரளத்தில் அவர் கீவர்கீஸ். ஆலப்புழை மாவட்டத்து எடத்துவாவில் அவர் பெயரில் நடக்கும் பெருவிழாவுக்குத் தென்தமிழகக் கடலோர ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செல்வோர் இன்றும் உண்டு. பெத்லகேமுக்கு அருகிலுள்ள அல்-கதர் என்ற பாலஸ்தீன ஊரில் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அவரை வணங்கப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரை இங்கிலாந்து ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் போர். அதற்கு முன் அந்நாட்டுக்கு உள்நாட்டுப் புனிதர்கள் இருந்தார்கள்: டேனியரால் 869இல் கொல்லப்பட்ட கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்டும், 'நம்பிக்கையை அறிக்கையிட்டவர்' (கன்ஃபெசர்) என்று பட்டம் பெற்ற அரசர் எட்வர்டும். சிலுவைப் போர்களுக்குப் பின் ஐரோப்பிய வீரர்களிடையே ஜார்ஜின் புகழ் பரவியிருந்த சூழலில், பிரான்சுடன் நெடும்போர் தொடங்கிய மூன்றாம் எட்வர்ட் 1348ஆம் ஆண்டளவில் கார்ட்டர் என்ற வீரர் குழாமை நிறுவி, அதற்கு ஜார்ஜைப் பாதுகாவலராக்கினார். 1415இல் அஜின்கூர் களத்தில் ஆங்கிலேயர் வென்ற பிறகு ஏப்ரல் 23 நாட்டின் பெருந்திருநாள்களில் ஒன்றாக உயர்த்தப்பட்டது. ஆகவே இந்தத் திருநாள் ஊர் மக்களின் நேர்த்திக்கடனிலிருந்து வளர்ந்ததைவிட, அரசவையிலிருந்தும் படைமுகாமிலிருந்தும் கீழிறங்கியதே அதிகம். இந்தத் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் பல செய்திகள் இதனோடு தொடர்புடையவை.

16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் புனிதர் வணக்கத்தின் வேரையே வெட்டியது. ஜார்ஜ் கொடியில் மட்டும் தங்கினார். 1606இல் ஜார்ஜின் செஞ்சிலுவையும் ஆண்ட்ரூவின் வெண்சிலுவையும் ஒரே கொடியில் இணைக்கப்பட்டன. 1801இல் பேட்ரிக்கின் பெயரால் அமைந்த சிவப்புக் குறுக்குச் சிலுவையும் சேர்ந்து இன்றைய ஒன்றியக் கொடி உருவானது. வேல்ஸ் அதற்கு முன்பே இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்டுவிட்டதால் டேவிட்டுக்கு அந்தக் கொடியில் இடமில்லை. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்த பிறகு, ஆங்கிலேயரின் நாட்டுப்பற்று பிரிட்டன் என்ற பெரிய பெயருக்குள்ளும் அதன் பேரரசுக்குள்ளும் கலந்துவிட்டது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டைக்குப் புனித ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டு, தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இன்றும் அந்தப் பெயர் கொண்ட வளாகத்தில் இயங்குகின்றன. அந்தப் புனிதரின் பெயர் இவ்வளவு தொலைவு பயணம் செய்திருந்தும், அவருடைய திருநாள் சொந்த நாட்டில் மங்கியே போனது. ஆளும் இடத்தில் இருப்பவர்களுக்குத் தங்களைத் தனியே அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை எழுவதில்லை என்பதே இதற்கு நான் காணும் முதன்மையான காரணம். இங்கிலாந்து என்றாலும் பிரிட்டன் என்றாலும் ஆங்கிலேயரின் காதில் நெடுங்காலம் ஒன்றாகவே ஒலித்தது. ஸ்காட்லாந்துக்காரரும் வேல்ஸ்காரரும்தான் அந்த வேறுபாட்டை ஒவ்வொரு நாளும் உணர்ந்தார்கள்.

கொடிகளைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். 1966இல் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்து உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தை வென்றபோது ரசிகர்கள் அசைத்தவை பெரும்பாலும் ஒன்றியக் கொடிகள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகள் இங்கிலாந்தில் நடந்தபோது அதே அரங்கில் வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை பொறித்த ஜார்ஜின் கொடி மேலோங்கியிருந்தது. 1999இல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றமும் வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றமும் கூடத் தொடங்கின. இங்கிலாந்துக்கென்று அப்படி எதுவும் அமையவில்லை. மற்றவர்கள் தங்கள் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டபோதுதான், 'அப்படியானால் நாங்கள் யார்' என்ற கேள்வி ஆங்கிலேயருக்கு வந்தது.

இந்தக் கேள்வி எழுந்த வேளையில் அவர்கள் கைக்கெட்டிய அடையாளம் ஏற்கெனவே கறைபட்டிருந்தது. 1970களில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி ஒன்றியக் கொடியை ஏந்தி, தெற்காசியரும் கரீபியரும் குடியேறிய பகுதிகளில் ஊர்வலம் நடத்தியது. 2009இல் தோன்றிய இங்கிலீஷ் டிஃபென்ஸ் லீக் முஸ்லிம்களுக்கு எதிரான தன் ஆர்ப்பாட்டங்களுக்கு ஜார்ஜின் சிலுவையை எடுத்துக்கொண்டது. கால்பந்து அரங்கில் மகிழ்ச்சியின் அடையாளமாக இருந்த அதே துணி, ஒரு புலம்பெயர்ந்த குடும்பத்தின் தெருவில் அச்சுறுத்தலாகவும் படக்கூடும் என்ற நிலை உருவானது. 2014இல் ரோச்செஸ்டர் இடைத்தேர்தலின்போது, ஜார்ஜின் கொடிகள் தொங்கிய ஒரு வீட்டின் படத்தைத் தொழிற்கட்சியின் எமிலி தார்ன்பெரி சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். எளிய உழைக்கும் மக்களை இளக்காரமாகப் பார்க்கிறார் என்ற கண்டனம் எழ, அவர் எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து அன்றே விலகினார். 2025 கோடையில் புகலிடம் கோருவோரைத் தங்கவைத்த விடுதிகளுக்கு முன் போராட்டங்கள் நடந்த நாட்களில், பல நகரங்களின் விளக்குக் கம்பங்களில் இந்தக் கொடிகள் கட்டப்பட்டன. தங்கள் நாட்டின் கொடியைத் தங்கள் தெருவில் கட்டுவதில் என்ன தவறு என்று ஒரு சாரார் கேட்டார்கள். அது யாரை நோக்கிக் கட்டப்பட்டது என்பதுதான் கேள்வி என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். இரண்டு குரல்களிலும் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஒரு கொடியின் பொருள் துணியில் இல்லாமல், அதைக் கட்டுகிறவரின் நோக்கத்திலும் பார்க்கிறவரின் பட்டறிவிலும் சேர்ந்து உருவாகிறது.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில் நாட்டுப்பற்றையும் தேசியவாதத்தையும் பிரித்துக் காட்டினார். தனக்குப் பழகிய ஓர் இடத்தையும் அங்குள்ள வாழ்க்கை முறையையும் உலகிலேயே சிறந்ததாகக் கருதினாலும், அதைப் பிறர்மேல் திணிக்க விரும்பாத பிடிப்பு அவர் கருத்தில் நாட்டுப்பற்று. தன் கூட்டத்துக்கு மேலும் மேலும் வலிமையும் பெருமையும் தேடும் வேட்கை தேசியவாதம். முன்னது தற்காக்கும் தன்மையது; பின்னது ஆதிக்கம் நாடுவது. நடைமுறையில் இரண்டையும் பிரிக்கும் கோடு அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. ஆனாலும் ஒரு திருநாளைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்று அறிய இது நல்ல அளவுகோல். ஏப்ரல் 23ஐக் கொண்டாடுங்கள் என்பவர் பெரும்பாலும் முதல் பொருளை மனத்தில் வைத்துப் பேசுகிறார். வேண்டாம் என்பவர் இரண்டாம் பொருளை அஞ்சிப் பேசுகிறார். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றி வாதிடுவதால்தான் அந்த வாதம் முடிவதே இல்லை.

இவர்கள் இருவரையும் தவிர மூன்றாவது வகையினரும் உண்டு. பேச்சில் குறைவாகவே வெளிப்படும் அவர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாட்டின்மேல் அன்பிருந்தும் அதைக் காட்டிக்கொள்வதில் கூச்சப்படுகிறவர்கள் இவர்கள். சமூக உளவியல் அறிஞர் மைக்கேல் பில்லிக் 1995இல் முன்வைத்த ஒரு கருத்து இவர்களைப் புரிந்துகொள்ள உதவும். நிலைபெற்ற நாடுகளில் தேசிய உணர்வு கொடியசைப்பில் மட்டும் வாழவில்லை. வானிலை அறிக்கையின் வரைபடத்திலும், நாளிதழ் சொல்லும் 'நாம்' என்ற சொல்லிலும், அலுவலக வாயிலில் யாரும் கவனிக்காமல் தொங்கும் கொடியிலும் அது அன்றாடம் வாழ்கிறது என்றார் அவர். இப்படி நாள்தோறும் ஊட்டப்படும் உணர்வுக்கு ஆண்டுக்கொரு விழா தேவைப்படாமல் போகலாம். ஏப்ரல் 23இல் எதுவும் செய்யாதவரை நாட்டுப்பற்று அற்றவர் என்று முடிவு கட்டுவது அவசரமான தீர்ப்பு.

அயர்லாந்தின் கதை முற்றிலும் வேறு. பேட்ரிக்கும் உள்நாட்டவர் அல்லர். உரோமைப் பேரரசின் பகுதியாக இருந்த பிரிட்டனில் பிறந்து, பதினாறு வயதளவில் அயர்லாந்துக் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, ஆறாண்டு அடிமையாக ஆடு மேய்த்து, தப்பித்து வீடு சேர்ந்த பின், தன்னை அடிமைப்படுத்திய மக்களிடமே மறைப்பணிக்குத் திரும்பியவர் அவர். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தச் செய்திகள் அவரே எழுதிய தன்வரலாற்றில் இருக்கின்றன. ஆகவே 'ஜார்ஜ் அயல்நாட்டவர், அதனால்தான் ஆங்கிலேயர் அவரைக் கொண்டாடுவதில்லை' என்ற வாதம் நிற்காது. பேட்ரிக்கின் நாளை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் பெரும்பங்கு வகித்தவர்கள் புலம்பெயர்ந்தோரே. நியூயார்க்கில் 1762 முதல் அந்த ஊர்வலம் நடக்கிறது. 1840களின் பெரும்பஞ்சத்தில் கப்பலேறிப் போன இலட்சக்கணக்கான ஐரிஷ் கத்தோலிக்கர், அமெரிக்காவில் இழிவாக நடத்தப்பட்ட காலத்தில், தங்கள் எண்ணிக்கையையும் ஒற்றுமையையும் ஊருக்குக் காட்டும் நாளாக மார்ச் 17ஐ ஆக்கிக்கொண்டார்கள். அயர்லாந்தில் அது 1903இல் சட்டப்படி விடுமுறையானது. ஆனாலும் நெடுங்காலம் அங்கே அது வழிபாட்டு நாளாகவே இருந்தது, மதுக்கடைகள்கூட மூடப்பட்டிருந்தன. டப்ளினில் இன்று நடக்கும் பெருவிழா 1996இல்தான் தொடங்கியது. இழந்த ஊரை நினைத்து அயல்மண்ணில் வளர்த்த விழா தாயகத்துக்குத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

அந்த நாளில் ஒருவர் ஐரிஷ் இனத்தவர் என்று நிறுவ வேண்டியதில்லை. மூவிலைத் தழையொன்றைச் சட்டையில் செருகினாலோ பச்சை உடுத்தினாலோ போதும், அவரும் விழாவில் சேர்ந்தவராகிவிடுகிறார். கரீபியக் கடலில் உள்ள மொன்செராட் தீவில் மார்ச் 17 பொது விடுமுறை. 1768இல் ஐரிஷ் முதலாளிகள் பேட்ரிக்கின் நாளைக் கொண்டாடும் வேளையில் கிளர்ந்தெழத் திட்டமிட்டு, காட்டிக்கொடுக்கப்பட்டு உயிரிழந்த ஆப்பிரிக்க அடிமைகளின் நினைவும் அங்கே அந்த நாளோடு கலந்திருக்கிறது. ஆனால் இதே பேட்ரிக் வட அயர்லாந்தில் பிணக்குக்கும் ஆளானார். கத்தோலிக்கத் தேசியவாதிகளின் அடையாளமாக அந்த நாள் மாறியபோது, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய புராட்டஸ்டண்ட் மக்களில் பலர் ஒதுங்கி நின்றார்கள். ஆர்மா நகரில் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு பேராலயங்கள் இருக்கின்றன, ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது அயர்லாந்துத் திருச்சபையுடையது. இரண்டுக்குமே பேட்ரிக்கின் பெயர்தான். அவர் வாழ்ந்தது அந்தப் பிரிவினைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அவரை இரு தரப்புக்கும் பொதுவானவராக மீட்டெடுக்க அங்கே பலர் பொறுமையோடு உழைத்துவருவது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

வேல்ஸில் ஆரவாரம் குறைவு, பிடிப்பு ஆழம். 6ஆம் நூற்றாண்டு ஆயரான டேவிட், இந்த நான்கு புனிதர்களில் தான் காக்கும் மண்ணிலேயே பிறந்து வாழ்ந்த ஒரே ஒருவர். 'சிறு செயல்களைச் செய்யுங்கள்' என்பது அவருடைய இறுதி உரையில் இருந்ததாக மரபு சொல்கிறது; அந்த மொழியைப் பெரும்பாலான வேல்ஸ் மக்கள் அறிவார்கள். மார்ச் 1 அன்று உடையில் லீக்ஸ் என்ற வெங்காய இனத் தாளையோ டாஃபடில் என்ற மஞ்சள் மலரையோ குத்திக்கொள்வார்கள். பள்ளிகளில் வேல்ஷ் மொழியில் பாட்டும் கவிதை ஒப்பித்தலும் நடக்கும். சிறுபான்மையாகிவிட்ட ஒரு மொழியைப் பிள்ளைகளின் நாவில் வைத்துக் காக்கும் நாள் அது. ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை, 1320இல் அதன் பிரபுக்கள் திருத்தந்தைக்கு அனுப்பிய ஆர்புரோத் மடலிலேயே ஆண்ட்ரூவின் பெயர் வருகிறது என்றாலும், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25க்கு இருக்கும் வீட்டு விருந்தின் வெதுவெதுப்பு நவம்பர் 30க்கு இல்லை.

விடுமுறை அறிவித்துவிட்டால் திருநாள் தானாகவே உயிர்பெறும் என்று நம்புவோர் உண்டு. 2017 தேர்தலில் தொழிற்கட்சி நான்கு புனிதர்களின் நாட்களையும் ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் விடுமுறையாக்குவதாக வாக்களித்தது. ஓய்வு நாள் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. உழைப்பவர்களுக்கு அது நன்மையே. ஆனால் விடுமுறைக்கும் கொண்டாட்டத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. 2007இன் சட்டப்படி ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூவின் நாள் விடுமுறைப் பட்டியலில் சேர்ந்தது; அதனால் மட்டும் அது மக்கள் விழாவாகிவிடவில்லை. டேவிட்டின் நாளை விடுமுறையாக்க வேண்டும் என்று 2000இல் வேல்ஸ் சட்டமன்றம் ஒருமனதாகக் கோரியும் இலண்டன் அரசு இசையவில்லை. ஆயினும் பிள்ளைகள் மலர் சூடிப் பள்ளிக்குப் போவது நிற்கவில்லை.

இதற்கு இன்னும் தெளிவான சான்று, அதே ஜார்ஜை, அதே ஏப்ரல் 23இல் கொண்டாடும் கத்தலோனியா. அங்கே அவர் பெயர் ஜோர்டி. அன்று விடுமுறை இல்லை. கடைகளும் அலுவலகங்களும் திறந்திருக்கும். ஆனால் பார்சலோனாவின் தெருக்கள் முழுவதும் புத்தகக் கடைகளும் ரோஜாக் கடைகளும் விரிந்திருக்கும். பறவைநாகத்தின் குருதி விழுந்த இடத்தில் ரோஜாச் செடி முளைத்தது என்பது அவர்களுடைய கதை; அதனால் அன்புக்குரியவர்களுக்கு ரோஜாவையும் நூலையும் பரிசளிக்கிறார்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் கத்தலான் மொழி பொதுவெளியிலிருந்து விலக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். அந்த நாளில் தங்கள் மொழி நூலை வாங்கிக் கையில் பிடித்து நடப்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை மொழிப்பற்று உடைய எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. யுனெஸ்கோ 1995இல் ஏப்ரல் 23ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்ததற்கும் இந்த வழக்கம் ஒரு தூண்டுதல்.

இங்கிலாந்துக்கும் கத்தலோனியாவுக்கும் புனிதர் ஒருவரே, நாளும் ஒன்றே, கதையும் ஏறத்தாழ ஒன்றே. பார்சலோனாவில் அந்த நாளில் ஒருவர் செய்வதற்கு ஒரு செயல் இருக்கிறது. அது எளியது, செலவு குறைந்தது, நேற்றுக் குடியேறியவரும் செய்யக்கூடியது. அதைச் செய்தவரிடம் 'நீ கத்தலான்தானா' என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தின் திருநாளுக்கு அப்படி ஊர் முழுவதும் பரவிய செயல் எதுவும் வாய்க்கவில்லை. கொடி மட்டுமே மிஞ்சியது. கொடியை ஏற்றலாம், அல்லது ஏற்றாமல் விடலாம். அதனால் அந்த நாள் ஒவ்வொருவரிடமும் 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்கும் நாளாகச் சுருங்கிவிட்டது. அரசவையில் பிறந்த ஒரு திருநாள் அடுப்படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேராததன் விளைவு இது என்று நான் கருதுகிறேன்.

அப்படி வந்து சேர வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியர் மறைந்த நாளும் 1616இன் ஏப்ரல் 23தான். அவர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆண்டுதோறும் அந்த நாளை ஒட்டி மக்கள் மலர்களை ஏந்தி, அவர் அடக்கம் செய்யப்பட்ட கோவில் வரை ஊர்வலம் போகிறார்கள். சில ஊர்களில் மணி கட்டிய கால்களோடு மோரிஸ் நடனம் ஆடுகிறார்கள். இலண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் மாநகர மேயரின் அலுவலகம் இசையும் உணவும் கொண்ட விழாவைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து இலண்டன்காரர்களாகிவிட்ட குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தச் சதுக்கத்துக்கு வருகின்றன.